கையில் பேனாவோடு பந்தயம் பார்க்கும் ஊர்கள்

எப்பிங் காடு

லண்டன் முடியும் இடத்தில் எப்பிங் காடு தொடங்குகிறது. வழுவழுப்பான சாம்பல் நிறத் தண்டுகளோடு பீச் மரங்கள், காலடியில் போன வருடத்துச் சருகு, நாய்களோடு நடப்பவர்கள், மேட்டில் மூச்சு வாங்க மிதித்துப் போகும் சைக்கிள்காரர்கள். ஹை பீச் என்ற அந்த மேட்டில் 'கிங்ஸ் ஓக்' என்ற மதுவிடுதி இருக்கிறது. 1928 பிப்ரவரி 19, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த விடுதியின் பின்னால் இருந்த பழைய ஓட்டப் பாதையில் மோட்டார் சைக்கிள்கள் பாய்ந்தன. ஏற்பாடு செய்தவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு கூட்டம். பிரிட்டனில் ஸ்பீட்வே பிறந்தது அன்றுதான் என்பது பரவலான கணக்கு.

கணக்கை ஒப்பாதவர்களும் உண்டு. 1927இலேயே கேம்பர்லியிலும் மான்செஸ்டர் பக்கத்து ட்ராயில்ஸ்டனிலும் ஓட்டிவிட்டார்கள் என்பார்கள். இன்னும் பின்னால் போனால் ஆஸ்திரேலியாவின் வெஸ்ட் மெய்ட்லண்ட், 1923இல் அங்கே பந்தயம் நடத்திய ஜானி ஹாஸ்கின்ஸ் என்று பேச்சு நீளும். பிறந்த தேதியிலேயே வாதம் உள்ள விளையாட்டு இது. விதிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்பதை அடுத்தடுத்த ஊர்களில் தெரிந்துகொண்டேன்.

பழைய பாதை இருந்த இடத்தில் இப்போது மாணவர்களுக்கான இயற்கைக் கல்வி மையம். விடுதியில் தேநீர் கொண்டுவந்த இளைஞனுக்கு ஸ்பீட்வே என்றால் என்னவென்றே தெரியவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பெண்மணிக்குத் தெரிந்திருந்தது. அப்பா கூட்டிக்கொண்டு போவாராம். "இப்போதெல்லாம் போவதில்லை. யார் எந்த அணி என்றே பிடிபடுவதில்லை" என்றார். இந்தப் பயணம் முழுக்க நான் கேட்கப்போகும் வாக்கியம் அது.

பார்க்காதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். முட்டை வடிவப் பாதையில் நான்கு பேர், நான்கு சுற்று, எப்போதும் இடப்பக்கத் திருப்பம். 500 சிசி வண்டி, மெத்தனால் எரிபொருள், ஒரே கியர், பிரேக் கிடையாது. இடது காலில் இரும்பு அடி வைத்த பூட்ஸ். அந்தக் காலை நீட்டி, பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டுத்தான் வளைவைக் கடக்க வேண்டும். சுமார் ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவர்களுக்கு 2, 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. அணிக்கு ஏழு பேர். இப்படி ஓர் ஓட்டத்துக்கு ஹீட் என்று பெயர்; ஒரு மாலையில் 15 ஹீட். பங்கிட வேண்டிய புள்ளிகள் 90. இதுவரை ஒரு பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

இப்ஸ்விச்

கிழக்கே சஃபோக் மாவட்டம். ஊரைத் தாண்டியதும் மணற்பாங்கான தரிசு, மஞ்சள் பூத்த முட்புதர்கள், பைன் மரங்கள். அதன் நடுவே ஃபாக்ஸ்ஹால் மைதானம். 1951இல் உருவான 'விட்சஸ்' அணி இங்கேதான் ஓடுகிறது. 1975, 1976 ஆண்டுகளில் அடுத்தடுத்து லீகை வென்ற அணி. அந்த அணியின் நாயகன் ஜான் லூயிஸ். பின்னாளில் அவரும், அவருக்குப் பிறகு அவர் மகன் கிரிஸ் லூயிஸும் அணியை நடத்தினார்கள். குடும்பத் தொழில்போலத்தான் இந்த ஊர்களில் ஸ்பீட்வே. பார்வையாளர் பக்கமும் அப்படியே. பாட்டி, மகள், பேரன் என்று மூன்று தலைமுறை ஒரே கம்பியில் சாய்ந்து நிற்கிறது.

வாசலில் புரோகிராம் வாங்கினேன். உள்ளே 15 ஹீட்டுக்கும் கட்டங்கள் அச்சிட்டிருக்கிறார்கள். யார் எந்த இடத்தில் வந்தார், என்ன நேரம், மொத்தம் எவ்வளவு என்று பார்ப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். சுற்றிப் பார்த்தால் எல்லார் கையிலும் பேனா. சிலரிடம் கிளிப் அட்டை. மழைக்குப் பிளாஸ்டிக் உறை. ஸ்கோர் போர்டு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தன் கையால் எழுதாதவரை புள்ளியை ஒப்புக்கொள்ள இவர்களுக்கு மனம் வருவதில்லை.

முதல் வளைவில் நின்றேன். தொடக்கக் கோட்டின் நாடாக் கயிறுகள் மேலே துள்ளின. நான்கு வண்டிகளும் ஒரே உறுமலாக வந்து படுத்துத் திரும்பின. செம்மண் சரளை வேலியைத் தாண்டி எங்கள் மேல் கொட்டியது. எல்லாரும் பழக்கப்பட்ட வேகத்தில் புரோகிராமைத் தலைக்கு மேல் பிடித்தார்கள். வண்டி போனதும் இறக்கி, தூசு தட்டி, எழுதத் தொடங்கினார்கள். காற்றில் மெத்தனாலின் காரம், அதோடு விளக்கெண்ணெய் எரியும் மணம். எஞ்சினுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றும் வழக்கம் இந்த விளையாட்டில் இன்னும் போகவில்லை.

பக்கத்தில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர். ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கி சில பெயர்களை வாசித்தது. அவர் வெளியூர் அணியின் பட்டியலில் ஒரு பெயரை அடித்து, மேலே வேறு பெயர் எழுதி, ஓரத்தில் 'ஜி' என்று போட்டார். கெஸ்ட். இன்னொரு ஓட்டுநருக்கு எதிரே 'ஆர்ஆர்' என்று போட்டார்.

விளக்கம் கேட்டேன். ஒருவர் வரமுடியாமல் போனால், இன்னொரு அணியின் ஓட்டுநரை அந்த ஒரு மாலைக்கு மட்டும் அழைத்துக்கொள்ளலாம்; அவர்தான் கெஸ்ட். அல்லது வராதவரின் ஹீட்டுகளை மற்ற அணித்தோழர்கள் பிரித்து ஓட்டலாம், அதுதான் ஆர்ஆர். யாரை வேண்டுமானாலும் அழைத்துவிட முடியாது. ஒவ்வொருவருக்கும் ஆவரேஜ் உண்டு. எடுத்த புள்ளிகளை ஓடிய ஹீட்டுகளால் வகுத்து நான்கால் பெருக்க வேண்டும். தன் அணித்தோழருக்குப் பின்னால் வந்தால் கிடைக்கும் போனஸ் புள்ளியும் அதில் சேரும். ஐந்து ஹீட்டில் 10 புள்ளி என்றால் ஆவரேஜ் 8. வராதவரின் ஆவரேஜைவிட கெஸ்டின் ஆவரேஜ் பொதுவாக அதிகமாக இருக்கக்கூடாது.

"நியாயமாகத்தானே இருக்கிறது" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "இவ்வளவும் சரி. இனிமேல்தான் சிக்கல். ஏன் வரவில்லை என்பதைப் பொறுத்து விதி மாறும். காயமா, வேறு நாட்டுப் பந்தயமா, இரண்டாவது லீகில் ஆட்டமா? ஒன்றுக்கு கெஸ்ட் உண்டு, ஒன்றுக்கு ஆர்ஆர் மட்டும், ஒன்றுக்கு இரண்டும் கிடையாது. போன வருடம் சரியாக இருந்தது இந்த வருடம் தப்பு. எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஒலிபெருக்கியில் பெயர் மட்டும் வரும், காரணம் வராது."

கிங்ஸ் லின்

வடக்கே போகப் போக நிலம் தட்டையாகிக்கொண்டே வருகிறது. சதுப்பை வடித்து உண்டாக்கிய வயல்கள், நேர்கோடு போட்ட கால்வாய்கள், வானம்தான் பெரும்பகுதி. கரிய மண்ணில் சர்க்கரை பீட்டும் உருளைக்கிழங்கும். கிரேட் ஊஸ் ஆற்றங்கரையில் கிங்ஸ் லின். பழைய துறைமுக ஊர். மதியம் ஒரு சின்னக் கடையில் கடலோரச் சேற்றில் விளையும் சாம்ஃபயர் என்ற கீரைத்தண்டை வெண்ணெயில் வதக்கி, மீனோடு கொடுத்தார்கள். உப்பே போட வேண்டாம். கடல் அதிலேயே இருக்கிறது.

ஸ்பீட்வே மைதானம் ஊருக்கு வெளியே, சேடில்போ சாலையில். இந்த ஊர் அணியில் ஓடிய மைக்கேல் லீ 1980இல் உலகச் சாம்பியன் ஆனார். நார்ஃபோக்கில் வளர்ந்த ராபர்ட் லாம்பர்ட் 2024இல் உலக வரிசையில் இரண்டாம் இடம் பிடித்தார். விவசாயிகளும் லாரி ஓட்டுநர்களும் வாழும் இந்த மூலையில் பத்து வயதுப் பையன்கள் சிறு வண்டியில் சறுக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆட்டத்துக்கு முன் வண்டிகளை நிறுத்தும் 'பிட்ஸ்' ஓரமாக நிற்க அனுமதித்தார்கள். ஒரு போலந்து மெக்கானிக் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கெஸ்ட் விதி ஏன் வந்தது என்பதை அவர் விவரித்த ஓட்டுநரின் வாரம் எனக்குச் சொன்னது. வார இறுதியில் போலந்து. பெரிய பணம் அங்கேதான். செவ்வாய் பெரும்பாலும் ஸ்வீடன். நடுவில் டென்மார்க். பிரிட்டனின் பிரீமியர்ஷிப்புக்குத் திங்களும் வியாழனும். முன்னணி ஓட்டுநர்களுக்கு நாட்டுக்கு நாடு தனி வண்டி, தனி மெக்கானிக். ஓட்டுநர் மட்டும் விமானத்தில் பறந்துகொண்டே இருப்பார். மாதச் சம்பளம் என்று ஒன்றில்லை. எடுக்கும் புள்ளிக்குப் பணம். எஞ்சின் செலவு அவருடையது. ஓடாத நாளில் வருமானமில்லை. ஆகவே ஒரே ஓட்டுநர் பிரிட்டனுக்குள்ளேயே பிரீமியர்ஷிப், சாம்பியன்ஷிப் என இரண்டு லீகிலும் ஓடுகிறார். இதற்கு 'டபுளிங் அப்' என்று பெயர். மழையால் ஒரு ஆட்டம் தள்ளிப்போனால் போதும், தேதிகள் முட்டிக்கொள்ளும்.

காயம் தனிக் கதை. பிரேக் இல்லாத வண்டியில் தோள்பட்டை எலும்பு முறிவதை இவர்கள் சளிபிடித்ததைப்போலச் சொல்கிறார்கள். கிரிக்கெட், கால்பந்துபோல வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்கள் இங்கே கிடையாது. மொத்த அணியே ஏழு பேர்தான். ஒருவர் விழுந்தால் ஆறு. டிக்கெட் வாங்கிய கூட்டத்துக்கு முன் ஆறு பேரை வைத்து ஆட்டம் நடத்த முடியுமா? கெஸ்ட் இல்லாவிட்டால் பாதி மாலைகள் ஒருதலைப்பட்சமாக முடியும் என்றார் மெக்கானிக். அவர் பக்கம் நின்று பார்த்தால் மறுக்க ஒன்றுமில்லை.

எங்கள் தென்மாவட்டக் கிராமக் கபடிப் போட்டிகளில் இதே சண்டையைப் பார்த்து வளர்ந்தவன் நான். நோட்டீஸில் 'வெளியூர் ஆட்டக்காரர்களுக்கு அனுமதி இல்லை' என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். நள்ளிரவில் அரையிறுதியில் யாரோ ஒரு புதுமுகம் தொடைதட்டி இறங்குவான். உடனே ரேஷன் கார்டைக் கொண்டுவரச் சொல்லிக் கூச்சல். ஆனால் அங்கே விதி ஒரே வரி. மீறியது யார் என்பதில்தான் தகராறு. இங்கே யாரும் எதையும் மீறுவதில்லை. விதிப்படிதான் எல்லாம் நடக்கிறது. அந்த விதி என்ன என்பதுதான் கேள்வி.

பிராண்டன்

மேற்கே திரும்பி, கவென்ட்ரிக்கு வெளியே பிராண்டன் கிராமம். 1928 முதல் பந்தயம் நடந்த மைதானம் இங்கே இருக்கிறது. கவென்ட்ரி 'பீஸ்' அணி இங்கே கடைசியாக 2016இல் ஓடியது. இப்போது வேலிக்கு உள்ளே புதரும், தீப்பிடித்துக் கரிந்த கட்டடமும். வீடுகள் கட்டக் கேட்ட விண்ணப்பத்தை 2022இல் ரக்பி நகராட்சி நிராகரித்தது. ரசிகர்களின் இயக்கமும் அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றது.

ஸ்விண்டன், பீட்டர்பரோ, வுல்வர்ஹாம்ப்டன் என்று பந்தயம் நின்றுபோன மைதானங்களின் பட்டியல் நீளமானது. 1965இல் பிரிட்டிஷ் லீக் தொடங்கியபோது 18 அணிகள். 2024 பிரீமியர்ஷிப்பில் 7. கெஸ்ட் சிக்கலோடு இந்தக் கணக்குக்கு நேரடித் தொடர்பு உண்டு. அணிகள் குறைந்தால், அழைக்கத் தக்க ஆட்களும் குறைவு. போன வாரம் உன்னைத் தோற்கடித்த போட்டி அணியின் ஆளே இந்த வாரம் உன் சட்டையைப் போட்டுக்கொண்டு வருவான். அடுத்த வாரம் மறுபடி எதிரி. யாரைப் பார்த்துக் கைதட்டுவது?

மான்செஸ்டர்

கோர்ட்டன் பகுதியில் தேசிய ஸ்பீட்வே மைதானம். 2016 மார்ச்சில் திறந்தார்கள். திறப்பு விழா அன்றே பாதை சரியில்லை என்று ஆட்டம் ரத்தானது. உள்ளூர்க்காரர்கள் இன்னும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். பெல் வூ 'ஏசஸ்' நாட்டின் பழம்பெரும் அணிகளில் ஒன்று. 1955, 1962 உலகச் சாம்பியன் பீட்டர் கிரேவன் இந்த அணியின் செல்லப்பிள்ளை. 1963இல் எடின்பரோவில் நடந்த விபத்தில் இறந்துபோனார். பழைய ஹைட் ரோடு மைதானம் 1987இல் விற்கப்பட்டது. அந்த மைதானத்துக்காக இன்றும் கண் கலங்கும் முதியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

வறுத்த உருளைக்கிழங்குத் துண்டுகளின் மேல் மஞ்சளாக ஒரு குழம்பை ஊற்றிக் கொடுத்தார்கள். 'கறி சாஸ்' என்றார்கள். வட இங்கிலாந்துக்காரர்களுக்குப் பிடித்த உணவு அது. நம்முடைய எந்தக் குழம்போடும் அதற்கு உறவில்லை. ஆனாலும் குளிர் காற்றில் நின்று சாப்பிட நன்றாகவே இருந்தது.

இங்கே ஒரு பள்ளி ஆசிரியையும் அவருடைய கணவரும் எனக்கு வாய்த்தார்கள். கணிதம் கற்பிப்பவர். அவர் அடுக்கிய குறைகளில் உணர்ச்சி இல்லை, கணக்குத்தான் இருந்தது.

ஒன்று: ஆவரேஜ் ஒரு பழைய எண். ஒருவர் சென்ற சில வாரங்களில் அசுரவேகம் பிடித்திருந்தாலும் பட்டியலில் பழைய சிறிய எண்ணே இருக்கக்கூடும். அவரை கெஸ்டாக அழைத்தால், காயம்பட்ட சொந்த ஆளைவிட நல்ல ஆள் கிடைத்துவிடுவார். ஆள் இல்லாத அணி ஆள் உள்ள அணியைவிடப் பலமாகிவிடும்.

இரண்டு: பாதை. ஒவ்வொரு மைதானத்தின் வளைவும் வேறு. வெளியூர் அணிக்கு கெஸ்டாக வருபவர் இந்தப் பாதையில் பல வருடம் ஓடியவராக இருந்தால் அவருடைய ஆவரேஜுக்கு என்ன மதிப்பு? கூட்டல் கழித்தலில் அது வருவதில்லை.

மூன்று: இறுதிக் கட்டம். பருவம் முழுக்க ஒரு அணியைப் பின்தொடர்ந்து, பிளே-ஆஃப் வந்ததும் வேறு அணிக்காரர் வந்து வென்று கொடுத்தால், அந்தக் கோப்பையில் யார் பெயரை நினைத்துக்கொள்வது?

கணவர் இன்னொன்றைச் சேர்த்தார். ஒவ்வொரு அணிக்கும் மொத்த ஆவரேஜ் வரம்பு உண்டு. வென்ற அணியின் ஆவரேஜ் ஏறிவிடும். எனவே அடுத்த ஆண்டு வரம்புக்குள் அடக்க ஒருவரையாவது விட்டாக வேண்டும். வெற்றிக்குத் தண்டனை. 1965லேயே அணிகளைச் சமமாக்க ஓட்டுநர்களைப் பங்கிட்டுக் கொடுத்தவர்கள் இவர்கள். சமத்துவ ஆசை பழையதுதான். ஆனால் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் அணி உரிமையாளர்களான புரமோட்டர்கள் கூடி வரம்பை மாற்றுகிறார்கள், விதியை மாற்றுகிறார்கள். போட்டியிடுபவர்களே விதியையும் எழுதுகிறார்கள்.

மாற்றங்களுக்குப் பஞ்சமில்லை. பின்தங்கிய அணி ஒருவரைக் கறுப்பு வெள்ளைத் தலைக்கவசத்தில் இறக்கினால் அவருடைய புள்ளி இரட்டிப்பு என்று சில காலம் இருந்தது. 90ஐத் தாண்டி 93 என்று மொத்தம் வரும். எழுதிக்கொண்டிருந்தவர்களின் கட்டங்கள் கலங்கிப்போகும். 2014இல் இளம் உள்ளூர் ஓட்டுநர்களை அணிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை வந்தது. பிறகு 'ரைசிங் ஸ்டார்' என்று வேறொன்று. நல்ல நோக்கங்கள்தான். ஒன்று மனதில் பதிவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது.

"கெஸ்ட் இருக்கட்டும்" என்றார் ஆசிரியை. "எனக்கு வேண்டியது ஒரே ஒரு பக்கம். யார் வரவில்லை, ஏன், எந்த விதிப்படி இவர் வந்திருக்கிறார் என்று புரோகிராமில் அச்சடித்துவிடுங்கள். பதினைந்து ஹீட்டையும் நானே எழுதிக்கொள்கிறேன், இந்த மூன்று வரியை நீங்கள் எழுத மாட்டீர்களா?"

அன்று நான்காவது ஹீட் முடிந்து டிராக்டர் பாதையைச் சமன்செய்யும் இடைவெளியில் ரெஃபரி முடிவு ஒன்று மாறியது. என்னைச் சுற்றியிருந்த நூறு பேர் ஒரே நேரத்தில் பேனாவால் அடித்துத் திருத்தினார்கள். இவ்வளவு கருத்தான ரசிகர்கள் எந்த விளையாட்டுக்கும் எளிதில் வாய்ப்பதில்லை.

பெரிக்

ரயில் வடக்கே போகும்போது வலப்பக்கம் கடல் கூடவே வருகிறது. ட்வீட் ஆறு கடலில் சேரும் இடத்தில் பெரிக். இங்கிலாந்தின் கடைசி ஊர். ராபர்ட் ஸ்டீவன்சன் கட்டி 1850இல் திறந்த ரயில் பாலம் 28 வளைவுகளோடு ஆற்றின் மேல் நிற்கிறது. அதன் மேல் வரும்போது ஊர் காலடியில் தெரியும். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே பல முறை கை மாறிய ஊர். கோட்டைச் சுவர் மேல் ஊரையே சுற்றி வரலாம். காற்றில் உப்பு, சாம்பல் வானம், கூரைகளில் கடற்காகங்களின் சண்டை.

சனிக்கிழமை மாலை ஷீல்ஃபீல்ட் பூங்கா. நடுவில் கால்பந்துத் திடல், அதைச் சுற்றி ஸ்பீட்வே பாதை. 1968இல் தொடங்கிய 'பாண்டிட்ஸ்' அணியின் இடம். மீன்பிடித் தொழிலாளர்கள், பண்ணைக்காரர்கள், எல்லைக்கு அப்பால் இருந்து வந்த ஸ்காட்டியர்கள். தேநீர்க் கடைப் பெண்மணி முன்பின் தெரியாத என்னை விசாரித்துக் கொஞ்சம் கூடுதலாகவே கேக் வெட்டிக் கொடுத்தார். பட்டியலில் அன்றும் ஒரு 'ஜி' இருந்தது. மக்கள் முணுமுணுத்தார்கள், எழுதினார்கள், அந்த கெஸ்ட் முதல் வளைவில் வெளிப்பக்கமாகச் சுற்றி முந்தியபோது முணுமுணுத்தவர்களே கத்தினார்கள்.

அதே திடலில் ஆடும் பெரிக் ரேஞ்சர்ஸ் கால்பந்து அணியைப் பற்றி அங்கேதான் கேள்விப்பட்டேன். ஊர் இங்கிலாந்தில், அணி ஆடுவது ஸ்காட்லாந்தின் போட்டிகளில். இதைவிட விசித்திரமான ஏற்பாடு இருக்க முடியுமா? ஆனால் ஊரில் ஒருவருக்கும் இதில் குழப்பமில்லை. ஏன் என்று கேட்டால் சின்னப் பையன்கூடச் சொல்கிறான்: ஸ்காட்லாந்து ஊர்கள்தான் பக்கம், அங்கே ஆடுவதுதான் பழக்கம். காரணம் தெரிந்த விசித்திரத்தோடு மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சமாதானமாக வாழ்ந்துவிடுகிறார்கள்.

ஸ்பீட்வே ரசிகர்களின் கோபத்தை நான் புரிந்துகொண்டது இப்படித்தான். கெஸ்ட் ஓட்டுநர் அவர்களுடைய எதிரி இல்லை. ஏழு பேர் மட்டுமே உள்ள அணி, பிரேக் இல்லாத வண்டி, நான்கு நாட்டு லீகுகள், பஞ்சத்தில் இருக்கும் மைதானங்கள். இவற்றோடு கெஸ்ட் இல்லாமல் ஓட்ட முடியாது என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். இரண்டு ஹீட்டுக்கு நடுவே பக்கத்தில் நிற்கும் புதியவனுக்குத் தங்களால் விளக்க முடியாத விதி என்பதே அவர்களுடைய வருத்தம். பேரனைக் கூட்டிவந்த பாட்டி "எனக்கும் தெரியலைடா" என்று சொல்லும் இடத்தில் அடுத்த தலைமுறை ரசிகன் வீட்டுக்குப் போய்விடுகிறான்.

வசந்தம் தொடங்கி அக்டோபர் வரை இந்தப் பந்தயங்கள் நடக்கின்றன. இங்கிலாந்துப் பக்கம் போகிறவர்கள் ஒரு மாலையை ஒதுக்கலாம். பழைய உடை போட்டுக்கொள்ளுங்கள், முதல் வளைவில் நில்லுங்கள், பேனா கொண்டுபோங்கள். பட்டியலில் ஒரு பெயர் மாறினால் பக்கத்தில் இருப்பவரிடம் காரணம் கேளுங்கள். பதில் முழுதாகப் புரியாது. ஆனால் அந்த மாலையில் உங்களுக்கு ஒரு நண்பர் நிச்சயம் கிடைப்பார்.